முன்கதை நாவல் என்றால் என்ன? ஒரு வாம்பயர் கதையை வைத்து எளிய விளக்கம்

சென்ற கோடை விடுமுறையில் என் அக்கா மகள் சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கில நாவல் ஒன்றை வாங்கி வந்தாள். பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. அட்டையில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நடிகர்கள் நின்றிருந்தார்கள். அந்தத் தொடரை அவள் பார்த்ததில்லை. வாம்பயர், அதாவது ரத்தக்காட்டேரிக் கதை என்ற ஒரே காரணத்துக்காக ஆசையோடு எடுத்திருக்கிறாள். இரண்டே நாளில் படித்து முடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு என் கையில் கொடுத்தாள். "கதை நல்லாத்தான் இருக்கு சித்தி. ஆனா இவங்க எல்லாரையும் எனக்கு ஏற்கெனவே தெரியும்ங்கிற மாதிரியே எழுதியிருக்காங்க. கடைசியில பார்த்தா, கதை அப்பத்தான் ஆரம்பிக்குது."

அவள் சொன்ன குறை மிகச் சரியானது. அவள் வாங்கியது ஸ்டெஃபன்ஸ் டைரீஸ் என்ற வரிசையின் முதல் நூலான ஆரிஜின்ஸ். தி வாம்பயர் டைரீஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு முன்கதையாக 2010இல் வெளிவந்த இளையோர் நாவல் அது. முன்கதை என்ற வகையின் தன்மை தெரியாமல் அதற்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் இவளைப் போலத்தான் குழம்புவார்கள். அவளுக்கு வாய்மொழியாகச் சொன்ன விளக்கத்தையே, அவளைப் போன்ற புதிய வாசகர்களுக்காக இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு முன்கதை என்றதும் 'முன்கதைச் சுருக்கம்' நினைவுக்கு வரும். அது, இதுவரை நடந்ததைச் சில வரிகளில் நினைவூட்டும் பகுதி. நாம் பேசும் முன்கதை வேறு. ஒரு கதை முதலில் வெளிவந்து, வாசகர்களிடமோ பார்வையாளர்களிடமோ நிலைபெற்றுவிட்ட பிறகு, அந்தக் கதை தொடங்குவதற்கு முந்தைய காலத்தில் நடந்தவற்றைச் சொல்ல எழுதப்படும் தனிப் படைப்பே முன்கதை. ஆங்கிலத்தில் இதைப் பிரீக்வெல் என்கிறார்கள். கதைக்குள் காலம் முந்தியது. எழுதப்பட்ட காலம் பிந்தியது. இந்த முரண்தான் முன்கதையின் உயிர். பிளாஷ்பேக் என்று நாம் சொல்லும் பின்னோக்குக் காட்சியும் பழைய காலத்தையே காட்டுகிறது என்றாலும், அது மூலக்கதையின் ஒரு துண்டாக, அதன் தேவைக்காக வந்து போகிறது. முன்கதைக்கோ தனக்கென்று தொடக்கமும் வளர்ச்சியும் உண்டு. முடிவு மட்டும் அதன் கையில் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய பண்டம் அன்று. கல்கி 1940களின் தொடக்கத்தில் பார்த்திபன் கனவை எழுதினார். அதில் நரசிம்மவர்ம பல்லவர் வாதாபியை வென்ற பேரரசர். குந்தவி என்ற பெண்ணுக்குத் தந்தை. அதன் பிறகு, 1944இல் தொடங்கிய சிவகாமியின் சபதத்தில், அதே நரசிம்மரை இளவரசராக, ஆயனச் சிற்பியின் மகளிடம் மனத்தைப் பறிகொடுத்த இளைஞராகக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்திபன் கனவை முதலில் படித்த ஒருவர், மாமல்லரும் சிவகாமியும் சந்திக்கும் முதல் காட்சியிலேயே, இந்தப் பெண் இவருக்கு மனைவியாக வாய்க்கப்போவதில்லை என்று ஊகித்துவிட முடியும். ஆயினும் பக்கத்துக்குப் பக்கம் அவர் நெஞ்சு பதைக்கிறது. முடிவு தெரிந்திருப்பது சுவையைக் கெடுக்கவில்லை. சிரித்துப் பேசும் காட்சிகளின் மீதுகூட ஒரு துயரத்தின் நிழலை விழச் செய்கிறது. முன்கதையின் சுவை என்று நான் கருதுவது இதைத்தான்.

இதை என் அக்கா மகளுக்கு ஏற்காட்டு மலைப்பாதையில் வைத்துத்தான் விளங்கச் செய்ய முடிந்தது. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். மேலே ஒரு வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தோம். இரண்டு வளைவுகளுக்குக் கீழே ஒரு பேருந்து மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, அடுத்த வளைவின் மறைவில், ஒரு சரக்கு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. பேருந்துக்குள் இருப்பவர்களுக்கு லாரி தெரியாது; லாரி ஓட்டுநருக்குப் பேருந்து தெரியாது; மேலே நின்ற எங்கள் இருவருக்கும் இரண்டும் தெரிந்தன. வளைவில் இரண்டும் எதிரெதிரே வந்து நின்று, பேருந்து மெல்லப் பின்வாங்கி வழிவிட்டு, லாரி உரசாமல் நழுவிச் செல்லும் வரை அவள் என் கையை விடவில்லை. "என்ன ஆகும்னு தெரியாமலா பார்த்த? ரெண்டும் சந்திக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமே" என்றேன். முன்கதை வாசகர் நிற்க வேண்டிய இடம் அந்த மேல் வளைவு. அவளோ நாவலைப் பேருந்துக்குள் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

இனி, அந்த மேல் வளைவு எது என்று பார்ப்போம். தி வாம்பயர் டைரீஸ் தொடர் 2009 செப்டம்பரில் சிடபிள்யூ தொலைக்காட்சியில் தொடங்கி, 2017 மார்ச்சு வரை எட்டுப் பருவங்களாக, 171 அத்தியாயங்கள் ஒளிபரப்பானது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மிஸ்டிக் ஃபால்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர். பெற்றோரை இழந்த எலெனா என்ற பள்ளி மாணவியின் வாழ்வில் ஸ்டெஃபன் சால்வடோர் என்ற அமைதியான இளைஞன் வருகிறான். அவன் பின்னாலேயே அவனுடைய அண்ணன் டேமன் வருகிறான். இருவரும் 1864இல் இறந்து வாம்பயர்களாக மாறியவர்கள். எலெனாவின் முகம், அவர்கள் இருவரும் அந்தக் காலத்தில் காதலித்த கேத்தரின் என்ற பெண்ணின் முகத்தை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கிறது. தம்பி நல்லவன், மனித ரத்தத்தைத் தொடாமல் விலங்கு ரத்தத்தில் காலம் தள்ளுகிறவன். அண்ணன் கொடியவன், இரக்கமில்லாமல் கொல்கிறவன். பார்வையாளர் தொடக்கத்தில் கைக்கொள்ளும் கணக்கு இதுதான். 1864இல் என்ன நடந்தது என்பதைத் தொடர் ஆங்காங்கே பிளாஷ்பேக்காக, கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிறது.

ஆரிஜின்ஸ் நாவல் அந்த 1864ஐ எடுத்துக்கொண்டு முழுக் கதையாக விரிக்கிறது. அதில் ஸ்டெஃபனே தன் வாயால் தன் கதையைச் சொல்கிறான். தொலைக்காட்சியில் வெளியிலிருந்து நாம் பார்த்த ஒருவனின் மனத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. திரையில் ஒரு பார்வையாலோ மௌனத்தாலோ உணர்த்தியதை எழுத்து பக்கக்கணக்கில் நின்று சொல்ல முடியும். தொலைக்காட்சித் தொடருக்கு நாவல் வடிவில் முன்கதை எழுதப்படுவதற்கு இதுவே நியாயமான காரணம். திரையில் வந்ததையே திரும்ப எழுதும் நூல்களும் உண்டு. முன்பெல்லாம் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும், படத்தின் கதை வசன நூலையும் வாங்கி வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால் அவை பார்த்ததை நினைவூட்டுகிறவை. முன்கதை, பார்க்காததைத் தர வேண்டும்.

இங்கே புதிய வாசகர் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தத் தொலைக்காட்சித் தொடரே ஒரு நாவல் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். எல்.ஜே.ஸ்மித் 1991இல் எழுதத் தொடங்கிய அந்த மூல நாவல்களில் ஊரின் பெயர் ஃபெல்ஸ் சர்ச். எலெனா பொன்னிறக் கூந்தல் கொண்டவள். சால்வடோர் சகோதரர்களோ மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்தவர்கள். கெவின் வில்லியம்சனும் ஜூலி பிளெக்கும் தொலைக்காட்சிக்காக அதை மாற்றியமைத்தபோது, சகோதரர்களின் பிறப்பிடத்தை வர்ஜீனியாவுக்கும், காலத்தை அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் நகர்த்தினார்கள். ஆக மொத்தம் மூன்று அடுக்குகள்: மூல நாவல், அதிலிருந்து தொடர், தொடரிலிருந்து முன்கதை நாவல். ஆரிஜின்ஸ் மூன்றாவது அடுக்கு; அது தொடரின் வழியில்தான் நடக்கிறது, மூல நாவலின் வழியில் அன்று. எல்.ஜே.ஸ்மித்தின் பெயரை அட்டையில் பார்த்துவிட்டு ஃப்ளோரன்ஸைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார்.

அட்டையில் பெயர் இருந்தும் ஸ்மித் இந்த முன்கதைகளை எழுதியவர் அல்லர். பெயர் குறிப்பிடப்படாத வேறொருவர் எழுதியவை. மூல நாவல்களையே ஒரு நிறுவனத்தின் ஏற்பாட்டின் பேரில், உரிமை நிறுவனத்துக்கே என்ற ஒப்பந்தத்தில் அவர் எழுதியிருந்தார். அதனால் தான் படைத்த உலகத்தின் அடுத்த நாவல்களிலிருந்தே 2011இல் அவர் விலக்கப்பட்டார். இதைக் கேட்டு என் அக்கா மகள் அதிர்ந்துபோனாள். சேலத்துக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்குவது எளிது. ஏற்காடு சாலையில் இன்றும் முகப்பு வளைவு நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸில் எழுத்தாளர்கள் மாதச் சம்பளத்துக்கு இருந்து கதையும் வசனமும் பாட்டும் எழுதினார்கள். கலைஞர் கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே பணியாற்றியவர்கள்தாம். பல படக் கம்பெனிகளில் எழுதியவரின் பெயருக்குப் பதிலாகக் 'கதை இலாகா' என்றே போட்ட காலமும் இருந்தது. கதை, கம்பெனியின் சொத்து. ஆனாலும் தான் பெற்ற பாத்திரங்களை இன்னொருவர் கையில் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த ஓர் எழுத்தாளரின் மனநிலையை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தம் சரியாக இருப்பதால் அந்த வருத்தம் தீர்ந்துவிடாது.

இளையோர் நாவல் என்ற சொல்லுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களை மனத்தில் கொண்டு, அந்த வயதுள்ள ஒருவரையே நடுவில் வைத்து எழுதப்படுவது அது. முதல் காதல், பெற்றோரின் அதிகாரம், உடன்பிறந்தோர் இடையிலான போட்டி, நான் யார் என்ற கேள்வி ஆகியவை அதன் வழக்கமான பொருள்கள். ஸ்டெஃபனுக்கு வயது 17. நாவலில் அவனுடைய தந்தை ஜூசெப்பி, ரோசலின் கார்ட்ரைட் என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடிக்கிறார். பிள்ளையின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. குடும்பங்கள் சேர வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பகுதியைப் படித்தபோது மட்டும் என் அக்கா மகளுக்கு யாருடைய விளக்கமும் தேவைப்படவில்லை. நிச்சயதார்த்தத் தட்டில் பழமும் பூவும் மட்டும்தான் குறைவு என்றாள்.

வாம்பயர் என்பதைத் தமிழில் ரத்தக்காட்டேரி என்று சொல்லிவிடுகிறோம். ரத்தம் குடிப்பது வரைக்கும் அது சரி. ஆனால் நம் காட்டேரி வேறு வகையைச் சேர்ந்தவள். நம் ஊர்ப்பக்கம் காட்டேரி அம்மனுக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிற குடும்பங்கள் உண்டு. அஞ்சவும் செய்வார்கள், காப்பாற்று என்று வேண்டவும் செய்வார்கள். இந்தத் தொடரின் வாம்பயர், நேற்று வரை மனிதனாக இருந்தவன். ஒரு வாம்பயரின் ரத்தம் உடலில் இருக்கும்போது இறந்து, விழித்து, பிறகு மனித ரத்தம் குடித்தால் மாற்றம் முழுமையாகும். குடிக்காவிட்டால் உண்மையாகவே சாவான். வெயில் பட்டால் எரிவான். மந்திரம் ஏற்றிய நீலக்கல் மோதிரம் அணிந்தால் பகலில் நடமாடலாம். வெர்வெய்ன் என்ற மூலிகை அவனுக்கு விஷம். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து மனத்தை வசியம் செய்வான். ஒரு வீட்டில் வாழும் மனிதர் உள்ளே வா என்று அழைக்காமல் வாசற்படியைத் தாண்ட அவனால் முடியாது. இரவில் யாராவது ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கதவைத் திறக்காதே, மூன்று முறை கூப்பிட்டால்தான் மனிதக் குரல் என்று எங்கள் பாட்டி சொல்லி வளர்த்ததால், இந்தக் கடைசி விதி மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை.

முன்கதைக்கும் வாம்பயருக்கும் உள்ள உறவு இங்கேதான் தெளிவாகிறது. காட்டேரி தோன்றிய கதையை யாரும் கேட்பதில்லை. அவள் எப்போதும் இருக்கிறவள். வாம்பயரோ ஒரு காலத்தில் மனிதனாக இருந்து, ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட காரணத்தால் மாறியவன். அந்த நாள் எது, மாற்றியவர் யார், மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான் என்ற கேள்விகள் அவனுடனேயே பிறந்துவிடுகின்றன. தொடர் தொடங்கும் 2009க்கும் ஸ்டெஃபன் இறந்த 1864க்கும் இடையில் 145 ஆண்டுகள். அவன் முகத்தில் அந்த ஆண்டுகளின் சுருக்கம் ஒன்றுகூட இல்லை; அவன் இன்னும் 17 வயதுப் பள்ளி மாணவனாகவே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். முகம் சொல்லாததைக் கதைதான் சொல்ல வேண்டும். அதனால், வேறு எந்தப் பாத்திரத்துக்கும் முன்கதை ஒரு விருப்பம் என்றால், வாம்பயருக்கு அது ஏறக்குறைய ஒரு கடன் என்றே நான் நினைக்கிறேன்.

எந்த முன்கதை நல்லது என்று எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த மோதிரம் எங்கிருந்து வந்தது, அந்த வீடு யார் கட்டியது என்று பொருள்களின் வரலாற்றை மட்டும் சொல்லிக்கொண்டுபோகும் முன்கதை சீக்கிரம் சலித்துவிடும். ஒரு மனிதர் எடுத்த முடிவின் வேரைக் காட்டும்போதுதான், மூலக்கதையில் நாம் கொண்டிருந்த கணக்கு புரண்டு விழுகிறது. தொடரைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்: முதல் பருவத்தின் பிற்பகுதியில் வரும் பழைய காட்சியில், சாகத் தயாராக இருந்தவன் டேமன், ரத்தம் குடித்து மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, அண்ணனையும் குடிக்க வைத்தவன் தம்பி ஸ்டெஃபன் என்பது தெரிகிறது. அதுவரை நல்லவன், கொடியவன் என்று நாம் போட்டு வைத்திருந்த கோடு அழிந்துபோகிறது. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்புறமாக வந்து நின்று, கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்லச் செய்ததைக் கூறும் இடம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. முன்னே நடந்தது, எல்லாம் முடிந்த பிறகு சொல்லப்படுகிறது. அதைக் கேட்டபின் கோவலனை நாம் பழைய கண்ணால் பார்க்க முடிவதில்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1864 என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரின் நான்காம் ஆண்டு. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம் வர்ஜீனியா நின்றது; டேமன் அந்தப் படையில் இருந்து திரும்பியவன். நம்மவர்களுக்கு அந்த ஆண்டை மனத்தில் நிறுத்த ஓர் அடையாளம் வேண்டுமானால், சேலம் நகராட்சியாக ஆவதற்கு அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் வேர்பிடித்துவிட்டிருந்தன. அந்தப் போரால் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குப் போவது நின்று, இந்தியப் பருத்தியின் விலை தாறுமாறாக ஏறியது. பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும், நூல் விலை ஏறினால் தறிக்காரர் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்பதைச் சேலத்தின் நெசவாளர் பகுதிகளான அம்மாப்பேட்டையிலும் குகையிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு கனமான காலத்தை எடுத்துக்கொண்ட கதை, மாளிகையையும் விருந்தையும் பட்டுக் கவுனையும் காட்டுவதில் செலுத்திய கவனத்தை, அந்த மாளிகையைத் தம் உழைப்பால் தாங்கிய அடிமை மக்கள்மீது செலுத்தவில்லை. தொடரைப் பற்றியும் அதைப் பின்பற்றிய நூலைப் பற்றியும் எனக்குள்ள பெரிய மனக்குறை இது. முன்கதை எழுதுகிறவர் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆண்டின் பாரத்தையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே முன்கதை நூல்களும் வெளிவந்தால் இன்னொரு சங்கடம் நேர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுத்துப் பேசத் தொடங்கும். ஸ்டெஃபனைக் கொலைவெறியிலிருந்து மீட்கும் தோழியாகத் தொடரில் லெக்சி என்ற மூத்த வாம்பயர் வருகிறாள். 2011 ஜனவரியில் வந்த பிளட்லஸ்ட் என்ற இரண்டாவது முன்கதை நூலில் அவன் அவளை நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சந்திக்கிறான். அடுத்த மாதமே ஒளிபரப்பான இரண்டாம் பருவத்து அத்தியாயம் ஒன்றில், அவர்கள் 1864இல் மிஸ்டிக் ஃபால்ஸிலேயே சந்தித்ததாகக் காட்டிவிட்டார்கள். எது உண்மை என்று கேட்டால், திரையில் வந்ததையே ரசிகர்கள் உண்மையாக ஏற்றுக்கொள்கிறார்கள். நூலில் வந்தது ஒரு கிளைக்கதையாக நிற்கிறது. புதிய வாசகர் இதைக் கண்டு குழம்பத் தேவையில்லை. ஒரே பாரதத்தை ஊருக்கு ஊர் வேறு வேறு விதமாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இது தாங்கக்கூடியதுதான்.

பாரதம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சேலம் வட்டாரத்தில் கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடக்கும். கர்ணன் சாகப்போகிறான் என்பது தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூத்தில் மக்களை அழவைப்பது போர்க்களத்தைவிட, போருக்குப் புறப்படும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசிக்கொள்ளும் இடம்தான். அந்தப் பொன்னுருவி வியாச பாரதத்தில் இல்லாதவள். நம் மக்கள் கதையில் பிறந்தவள். மூலத்தில் இல்லாத ஒருத்தியைச் சேர்த்து, மூலத்தில் உள்ளவனின் சாவை இன்னும் கனமாக்கிவிட்டார்கள். ஆரிஜின்ஸில் ரோசலின் செய்யும் வேலையும் அதுதான். தொலைக்காட்சித் தொடரில் அப்படி ஒருத்தி இல்லை; நாவலுக்காகவே படைக்கப்பட்டவள். முன்கதைக்குள் இப்படிப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கொடிய விதி உண்டு. பின்னால் வரப்போகும் மூலக்கதையில் அவர்கள் பெயர் இல்லை என்பதால், முன்கதை முடிவதற்குள் அவர்கள் எப்படியாவது கதையைவிட்டு நீங்கியாக வேண்டும். ரோசலின் நிச்சயம் நடக்கும் தறுவாயிலேயே கொல்லப்படுகிறாள்.

இனி எந்த வரிசையில் படிப்பது என்ற கேள்வி. கதையின் காலப்படி பார்த்தால் ஆரிஜின்ஸ்தான் முதலில். ஆனால் காலவரிசையில் படிக்காமல், வெளிவந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தொடரின் முதல் பருவத்தை முழுவதும் பார்த்துவிட்டு ஆரிஜின்ஸைக் கையில் எடுங்கள். அதன் பிறகு பிளட்லஸ்ட், நியூயார்க் நகரத்தில் நடக்கும் தி கிரேவிங் ஆகியவற்றைப் படிக்கலாம். 1888ஆம் ஆண்டு லண்டனுக்கு நகரும் தி ரிப்பர் முதல், 2012இல் முடிந்த அந்த வரிசையின் மற்ற நூல்கள் இரண்டாம் கட்டம். எல்.ஜே.ஸ்மித்தின் மூல நாவல்களை இவற்றோடு கலக்காமல், தனி உலகமாக வைத்துக்கொண்டு படித்தால் இரண்டும் இனிக்கும்.

என் அக்கா மகள் அப்படியே செய்தாள். தேர்வு முடிவு வந்து, கல்லூரியில் சேரும் வேலைகளுக்கு நடுவில், இரவுகளில் உட்கார்ந்து முதல் பருவத்தைப் பார்த்து முடித்தாள். பிறகு அந்தப் பழைய புத்தகத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். நான்கைந்து நாட்கள் கழித்து, இரவு பத்து மணிக்கு மேல் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. டேமனைப் பற்றியோ கேத்தரினைப் பற்றியோ பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "சித்தி, மொத தடவை படிச்சப்ப இந்த ரோசலின் செத்தது எனக்கு ஒண்ணுமே தோணல. இப்ப சீரியல் பார்த்துட்டு வந்து படிக்கிறேன், தாங்கவே முடியல" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அத்தனை எபிசோடு பார்த்தேன். நூத்தி நாப்பத்தஞ்சு வருசம் கழிச்சு, அவளுக்கு நிச்சயம் பண்ணவனே ஒரு தடவைகூட அவ பேரைச் சொல்லல சித்தி."